ஸ்டைலும் வேண்டும், மைலேஜும் வேண்டும்: முதல் ஸ்கூட்டருக்கு எதைப் பார்ப்பது?

ஜூன் 3, காலை (கேள்வி)

அக்கா, எனக்கு வயது 21. கடைசி வருடப் படிப்பு, மாலையில் பகுதிநேர வேலை. போக வர ஒரு நாளைக்கு 22 கி.மீ. உயரம் 163 செ.மீ. இதுதான் முதல் வண்டி, கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் எடுப்பேன். பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மைலேஜும் வேண்டும். கூர்மையான முகம், டிஜிட்டல் மீட்டர், 10 அங்குலச் சக்கரத்தோடு ஒரு 110 சிசி வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறேன். 125 சிசி ஒன்றும் மனதில் இருக்கிறது. நண்பர்களோ "125 பெட்ரோல் குடிக்கும், ஸ்டைல் வேண்டுமென்றால் மைலேஜை மறந்துவிடு" என்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் தங்கையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். 110 எடுத்துவிடலாமா?

ஜூன் 3, இரவு

110 போதும், தம்பி. நகரத்துக்குள் 22 கி.மீ. ஓட்ட அதற்கு மேல் எதற்கு? நானும் ஆறு வருடமாக 110தான் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 55 தருகிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை. ஸ்டைலுக்கும் மைலேஜுக்கும் என்ன சண்டை? முகப்பு விளக்கு கூர்மையாக இருப்பதால் ஒரு சொட்டு பெட்ரோல் கூடச் செலவாகாது. நாளை கணக்கோடு வருகிறேன்.

ஜூன் 4, காலை

வருடத்தில் 300 நாள் ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 22 பெருக்கல் 300, மொத்தம் 6,600 கி.மீ. லிட்டருக்கு 50 தரும் வண்டிக்கு 132 லிட்டர் தேவை. 45 தரும் வண்டிக்கு 147 லிட்டர். வித்தியாசம் வருடத்துக்கு 15 லிட்டர், மாதத்துக்கு ஒன்றேகால் லிட்டர். "125 குடிக்கும்" என்று பயமுறுத்துகிறார்களே, அந்தப் பயத்தின் முழு அளவே ஏறக்குறைய இவ்வளவுதான்.

மைலேஜ் எண்ணைப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 40 தரும் வண்டியிலிருந்து 50 தரும் வண்டிக்கு மாறினால் 100 கி.மீ.க்கு 2.5 லிட்டர் 2 லிட்டராகக் குறையும். அரை லிட்டர் மிச்சம். அதே 10 கி.மீ. ஏற்றம் 50லிருந்து 60க்குப் போகும்போது 2 லிட்டர் 1.67 ஆகத்தான் குறையும். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு லிட்டர். மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. அதனால் 52 தரும் வண்டியா, 56 தரும் வண்டியா என்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 5, இரவு

முதல் நாள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தங்கையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. வாரத்தில் நான்கு நாள் என்றால் பாதிக்கு மேல் இருவர் சவாரி. கணக்கே மாறிவிடுகிறது.

வண்டி 110 கிலோ, நீங்கள் ஒரு 60 கிலோ, மொத்தம் 170. தங்கை 50 கிலோ ஏறினால் 220. பாரம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுகிறது. கியர் இல்லாத வண்டி இதை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது. முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவே ஒரு ரப்பர் பெல்ட். முன் கப்பிக்குள் சின்னச் சின்ன ரோலர்கள் இருக்கும். என்ஜின் வேகமெடுக்க எடுக்க அந்த ரோலர்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக் கப்பியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். அதுதான் இந்த வண்டியின் பெரிய கியர். பின் கப்பியில் ஒரு ஸ்பிரிங்கும் சாய்வாக வெட்டிய பள்ளமும் இருக்கும். பாரம் கூடினால் அவை பெல்ட்டைத் திரும்பச் சின்ன கியர் பக்கம் இழுக்கும். இருவர் ஏறி ஒரு மேட்டில் போகும்போது வண்டி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நகராமல் நிற்பதுபோல இருக்குமே, அப்போது நடப்பது இதுதான். என்ஜின் அதிகச் சுற்றில் கத்திக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் போய்க்கொண்டே இருக்கும்.

110 சிசி ஸ்கூட்டர்களின் முறுக்குவிசை, அதாவது என்ஜின் சுழற்றும் பலம், 9 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், 125இல் 10ஐ ஒட்டி. கேட்க அற்பமாகத் தெரியும். பாரத்தோடு மேடு ஏறும்போது அந்த ஒன்று நன்றாகவே தெரியும். என் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போதெல்லாம் நான் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிவிட்டு, பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவேன். என் சொந்தத் தம்பியின் 125இல் அதே அம்மா, அதே மேம்பாலம், முக்கால் முறுக்கிலேயே ஏறிவிடுகிறது.

முழு முறுக்கில் ஓடும் 110ஐவிட அரை முறுக்கில் ஓடும் 125 மைலேஜில் பெரிதாகத் தோற்காது. அதனால் இப்போது என் ஓட்டு 125க்கு.

ஜூன் 6, மதியம்

"அப்போ அந்த 10 அங்குல 110ஐ மறந்துவிடவா?" என்று வருத்தமாகக் கேட்டிருந்தீர்கள். சிசியை விடுங்கள், எனக்கு அந்தச் சக்கரத்தின் மேல்தான் பயம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் முதல் ஸ்கூட்டருக்கும் 10 அங்குலம்தான். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், சாலையில் தேங்கியிருந்த தண்ணீரை வெறும் தண்ணீர் என்று நினைத்து அதன் மேலேயே விட்டேன். உள்ளே குழி. முன்சக்கரம் அதற்குள் இறங்கி மறு விளிம்பில் முட்டி நின்றது, ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பியது. நான் இடது பக்கமாக விழுந்தேன். மணிக்கட்டில் மயிரிழை முறிவு, ஆறு வாரம் கட்டு. வேகம் 25ஐத் தாண்டியிருக்காது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை பிழைத்தது, அதன் பக்கவாட்டில் சாலை உரசிய தடம் இன்னும் இருக்கிறது. ஹெல்மெட்டை மாற்றிவிட்டேன், பழையதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

சின்னச் சக்கரம் குழிக்குள் ஆழமாக இறங்கும், மறு விளிம்பில் செங்குத்தாக முட்டும். பெரிய சக்கரம் அதே குழியின் மேல் உருண்டு போய்விடும். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டிக்கு 17 அங்குலச் சக்கரம் போட்டார்கள். மோசமான சாலையிலும் யாரும் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பதற்காக யோசித்து எடுத்த முடிவு அது. 2017க்குள் அந்த வரிசையில் 10 கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. மறுபக்கம் 1946இல் வந்த முதல் வெஸ்பாவுக்கு 8 அங்குலம்தான். அழகான வண்டி, ஆனால் எனக்கு அந்தச் சக்கரத்தில் மழைக்காலத்தில் ஓட்ட மனம் வராது.

முன்சக்கரம் 12 அங்குலமாவது இருக்கட்டும். இதை நிபந்தனையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7, காலை

இரண்டு திருத்தங்கள்.

சூப்பர் கப்பை ஸ்கூட்டர் என்று எண்ணிவிட வேண்டாம். கால் வைத்து ஏற வசதியாகத் தாழ்ந்த சட்டம் இருந்தாலும் ஸ்கூட்டரைப் போலச் சமதளமான கால்பலகை அதில் கிடையாது, கியரும் உண்டு. சக்கரத்துக்காக மட்டும்தான் அதைச் சொன்னேன்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட நல்ல கேள்வி. "10க்கும் 12க்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?" உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10, 12 என்பதெல்லாம் உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், டயரின் உயரம் அதற்கு மேல் சேரும். பக்கவாட்டில் 90/100-10 என்று எழுதிய டயரின் மொத்த விட்டம் 434 மி.மீ. 90/90-12 என்றால் 467 மி.மீ. ஆக 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 80/90-14 என்றால் 50 செ.மீ. வரும்.

3 செ.மீ. பெரிதல்ல என்று எனக்கும் தோன்றியது. என் தம்பியின் 12 அங்குல வண்டியில் குழியில் இறங்கும்போது நான் உணர்ந்த மொத்த வித்தியாசத்தையும் சக்கரத்தின் கணக்கிலேயே எழுதியது தவறு. அந்த வண்டியில் முன்பக்கம் டெலஸ்கோப்பிக் ஃபோர்க், இரண்டு பக்கமும் குழாய்க்குள் எண்ணெயோடு இயங்குவது. என் முதல் வண்டியில் இருந்தது குட்டையான பழைய வகை சஸ்பென்ஷன். குழியின் அடியை வாங்கிக்கொண்டதில் பாதிப் பங்கு அந்த ஃபோர்க்குடையது. அதனால் நிபந்தனையை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: முன்பக்கம் 12 அங்குலமும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும். இரண்டும் சேர்ந்து வேண்டும்.

ஜூன் 10, இரவு

ஸ்டைலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். நியாயம்தான். எனக்கும் ஸ்டைல் முக்கியம். தினமும் காலையில் கண்ணில் படும் பொருள் அழகாக இருக்க வேண்டும், அதில் குற்ற உணர்வு எதற்கு? அழகான வண்டியைத்தான் மனிதர்கள் துடைத்து, காற்றடித்து, நேரத்துக்கு சர்வீஸ் விடுகிறார்கள்.

ஆனால் ஸ்கூட்டரின் அழகு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் செய்து பார்த்தவர். அவருக்கு மோட்டார்சைக்கிள் பிடிக்காது. சங்கிலி துணியை அழுக்காக்குகிறது, டயர் மாற்றுவது தலைவலி, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியிருக்கிறது. இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். என்ஜினைப் பின்சக்கரத்தை ஒட்டியே வைத்துச் சங்கிலியை எடுத்தார். விமானத்தின் இறங்குசக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாங்கவைத்தார். சேறு தெறிக்காமல் இருக்க முன்னால் ஒரு கவசம், காலை வைக்கச் சமதளமான பலகை. 1946 ஏப்ரல் 23இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. முன்வடிவத்தைப் பார்த்த நிறுவனத் தலைவர் என்ரிகோ பியாஜியோ "குளவி மாதிரி இருக்கிறதே" என்றாராம். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. இன்று நாம் ஸ்டைல் என்று ரசிக்கும் ஒவ்வொரு வளைவும் யாரோ ஒருவருடைய துணி அழுக்காகாமல் இருக்க வந்தது. மறு வருடம் வந்த லாம்பிரெட்டா ஸ்கூட்டரும் இதே கதைதான். செய்த இன்னொசென்டி நிறுவனம் இரும்புக் குழாய் தயாரிப்பது, அதனால் வண்டியின் உடம்பே குழாய்ச் சட்டம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இப்போது ஸ்டைலைப் பார்க்கிறேன். இந்த வளைவு எதற்கு? வால் பக்கம் மேலே தூக்கியிருந்தால் புகைப்படத்தில் அழகாக இருக்கும், ஆனால் பின்னால் உட்காருபவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சறுக்கி வருவார். என் முதல் வண்டி அப்படித்தான். அடர் சிவப்பு, சரிவான சீட்டு. நிறத்துக்காகவே எடுத்தேன். சிக்னலுக்குச் சிக்னல் அம்மாவின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடிக்கும். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், இறங்கும்போது மட்டும் "அடுத்த தடவை ஆட்டோவில் வந்துவிடுகிறேன்" என்பார்.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்கக் கம்பீரம், எனக்கும் பிடிக்கும். ஆனால் பளபளப்பான பெயின்டில் விழும் லேசான கீறலைப் பாலிஷ் போட்டு மறைக்கலாம், மேட் பெயின்டில் முடியாது. பாலிஷ் போட்ட இடம் மட்டும் தனியாக மின்னும். நெரிசலான நிறுத்துமிடத்தில் தினமும் விடப்போகிற வண்டிக்கு யோசித்துத்தான் எடுக்க வேண்டும். வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் அதிகம் இருக்கும் வண்டி வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும்.

ஜூன் 11, காலை

நேற்று விட்டுப்போனது. உலோக உடம்பா, பிளாஸ்டிக் உடம்பா என்று கேட்டிருந்தீர்கள். உலோகம் நசுங்கினால் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கலாம். பிளாஸ்டிக் உடைந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், ஆனால் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. முதல் வண்டியை எல்லோரும் ஒரு தடவையாவது சாய்ப்பார்கள். எதை எடுத்தாலும் பக்கவாட்டுப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

ஜூன் 14, இரவு

பிரேக். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

50 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறோம். 60இல் அது 16.7 மீட்டர். குறுக்கே ஏதோ வருகிறது என்று கண் பார்த்து, கை பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடும். பிரேக்கின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் பதற்றத்தில் ஒரு பிரேக்கைத்தான் பிடிப்பார்கள், பெரும்பாலும் பின்பிரேக்கை. ஓடும் வண்டியை நிறுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது, அதனால் உண்மையில் நிறுத்துவது முன்சக்கரம். பின்னை மட்டும் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் ஆடும்.

இதற்காகத்தான் இணைந்த பிரேக் வந்தது. இடது பிடியை அழுத்தினால் பின்னோடு சேர்ந்து முன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஏபிஎஸ் என்பது வேறு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிப்பது. நீங்கள் பார்க்கும் 125இல் முன்பக்கம் டிஸ்க் உள்ள ரகமும் டிரம் உள்ள ரகமும் இருந்தால் டிஸ்க்கை எடுங்கள். டிஜிட்டல் மீட்டருக்குக் கொடுக்க நினைத்ததை இதற்குக் கொடுங்கள்.

ஜூன் 15, காலை

நேற்று கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். டிஜிட்டல் மீட்டர் வேண்டாம் என்று அர்த்தமில்லை, வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் எண் தெரிகிறதா என்று மட்டும் வண்டியை வெளியே கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 18, மதியம்

"மின்சார ஸ்கூட்டரை ஏன் சொல்லவே இல்லை?" சொல்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 50 தரும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 180 வாட் மணி செலவழிக்கிறது (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி). மின்சார ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு 30 வாட் மணியை ஒட்டிப் போதும். ஆறில் ஒரு பங்கு! பெட்ரோல் என்ஜினில் பெரும்பகுதி சூடாகவே வெளியே போய்விடுகிறது. சிக்கனம் ஒன்றுதான் கேள்வி என்றால் விவாதம் அங்கேயே முடிந்தது. உங்கள் 22 கி.மீ.க்கு ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. 3 யூனிட் பேட்டரி இருந்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முழு இழுவையும் உடனே கிடைக்கும், பின்னால் ஆள் இருந்தாலும்.

ஆனால் நீங்கள் மூன்றாவது மாடியில் இருப்பதாகவும், கீழே பொது நிறுத்துமிடத்தில் பிளக் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கழற்றி எடுத்துப்போகும் பேட்டரி உள்ள வண்டிதான் சரிப்படும், அதை ஒவ்வொரு சார்ஜுக்கும் மாடிக்குத் தூக்க மனம் வேண்டும். கடையில் அந்தப் பேட்டரியைக் கையில் வாங்கிப் படி ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கீழே ஒரு பிளக் வந்துவிட்டால் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு மின்சாரத்துக்கே போங்கள் என்பேன். சக்கரமும் பிரேக்கும் மட்டும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

ஜூன் 27, இரவு

முதல் நாள் "என் வண்டி லிட்டருக்கு 55 தருகிறது" என்று எழுதியிருந்தேன். அது தவறு.

உங்களுக்குக் கணக்குப் போட்ட அன்றுதான், நம் வண்டியை உண்மையில் அளந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. 55 என்பது வண்டி புதிதாக இருந்தபோது ஒரு நீண்ட பயணத்தில் வந்த எண். அதையே ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால் அன்றே டாங்க்கை விளிம்பு வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டேன். மறுபடி அதே பங்க்கில் விளிம்பு வரை நிரப்பும்போது எத்தனை லிட்டர் ஏறியதோ அதுதான் செலவு. இப்படி மூன்று தடவை.

முதல் தடவை 206 கி.மீ., 4.5 லிட்டர். 45.8 வருகிறது. இரண்டாவது 198 கி.மீ., 4.4 லிட்டர். சரியாக 45. மனசு விட்டுப்போயிற்று. மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை, பின் டயரில் காற்று பார்த்தார். ஸ்டிக்கரில் 29 என்று போட்டிருக்கும் இடத்தில் 20தான் இருந்தது. நிரப்பிக்கொண்டு வந்தேன். மூன்றாவது தடவை 209 கி.மீ., 4.3 லிட்டர். 48.6.

ஒரு டாங்க்கை வைத்து முழுவதையும் காற்றின் கணக்கில் எழுத மாட்டேன், சக்கரம் விஷயத்தில் ஒருமுறை அப்படிச் செய்து திருத்திக்கொண்டாயிற்று. பங்க்கில் குழாய் நிற்கும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அந்த வாரம் நெரிசல் குறைவாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் வண்டியின் ஓட்டத்திலேயே மாற்றம் தெரிந்தது. தள்ளிக்கொண்டு போகும்போது கைக்கே இலகுவாக இருந்தது. 110க்கும் 125க்கும் நடுவில் நாம் பயந்த அந்தச் சில கிலோமீட்டரை நான் காற்றடிக்காமலேயே தொலைத்திருக்கிறேன்.

மூன்றையும் சேர்த்தால் 613 கி.மீ., 13.2 லிட்டர், சராசரி 46.4. இனி யார் கேட்டாலும் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

ஜூன் 28, காலை

விளம்பரத்தில் போடும் எண்ணைப் பற்றி. உலக மோட்டார்சைக்கிள் சோதனைச் சுழற்சி என்று ஒன்று இருக்கிறது, டபிள்யூ.எம்.டி.சி. என்பார்கள். 2005இல் ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளுக்குள் வந்தது. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, எந்த விநாடியில் எந்த வேகம் என்று வகுத்த அட்டவணைப்படி ஓட்டி அளப்பது. நின்று கிளம்புவதும் அதில் உண்டு. ஜப்பானிய விவரத்தாள்களில் இந்த எண்ணையும், ஒரே சீரான வேகத்தில் ஓட்டி எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். சீரான வேகத்தின் எண் கணிசமாகப் பெரிதாக இருக்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை எண்ணைத்தான் பார்க்கிறோமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45இல் போவதைவிட 60இல் போகும்போது அது 1.8 மடங்கு. ஸ்கூட்டரில் நாம் நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சால் காற்றைத் தள்ளுகிறோம். 11 கி.மீ.யை 60இல் போனால் 11 நிமிடம், 45இல் போனால் 15 நிமிடத்துக்குள். நடுவே இரண்டு சிக்னல் நின்றால் அந்த நான்கு நிமிடமும் காணாமல் போய்விடும்.

ஜூன் 28, இரவு

அப்புறம், அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா என்று கேட்டீர்கள். கூடாது. கையேட்டில் எந்த ஆக்டேன் சொல்லியிருக்கிறதோ அதுவே போதும்.

ஜூலை 4, காலை

இந்த வாரம் ஓட்டிப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டாயம். வண்டியின் பாதி வேலை அவரைச் சுமப்பது, அவரைக் கேட்காமல் எப்படி?

நீங்கள் முதலில் உட்கார்ந்து இரண்டு காலும் தரையில் எப்படிப் படுகிறது என்று பாருங்கள். சீட்டின் உயரம் 765 மி.மீ. அளவில் இருந்தால் 163 செ.மீ. உயரத்துக்குப் பிரச்சினை வராது, ஆனால் சீட்டு அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகலாம். அதனால் தாளில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சென்டர் ஸ்டாண்டை நீங்களே போட்டு எடுங்கள். கடைக்காரர் "நான் போடுகிறேன் சார்" என்று வருவார், விடாதீர்கள். உங்கள் ஹெல்மெட்டைக் கொண்டுபோய் டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள். முழுமுகம் மூடும் ஹெல்மெட் பல வண்டிகளில் உள்ளே போகாது.

பிறகு தங்கை ஏறட்டும். கால் வைக்கும் இடம் எட்டுகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி கைக்கு வசதியாக இருக்கிறதா, மெதுவாகப் பிரேக் பிடித்தால் முன்னால் சறுக்குகிறாரா. நீங்கள் இல்லாத நாளில் அவரும் ஓட்டக்கூடும் என்றால் அவரையும் வண்டியை நிமிர்த்தி, கொஞ்சம் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் முதல் வண்டி எடுத்த கடையில் ஓட்டிப் பார்க்கவே விடவில்லை. "எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் மேடம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அன்று அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு நூறு மீட்டர் ஓட்டியிருந்தால் அந்தச் சரிவுச் சீட்டை எடுத்திருக்கமாட்டேன். இருவரோடு ஓட்டிப் பார்க்க விடாத கடையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

ஜூலை 19, இரவு

வண்டி வந்துவிட்டதாம்! 125, அடர் பச்சை, முன்னால் 12 அங்குலம், டெலஸ்கோப்பிக் ஃபோர்க், டிஸ்க். 10 அங்குல 110ஐயும் இருவருமாக ஓட்டிப் பார்த்தீர்களாம். வேகத்தடையில் தங்கை "அண்ணா, இது வேண்டாம்" என்று சொன்னதோடு அது முடிந்ததாம். பச்சையைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தானாம். புகைப்படம் பார்த்தேன். சீட்டு சமதளமாக இருக்கிறது, வால் பக்கம் அளவாக இருக்கிறது, அழகான வண்டி தம்பி.

முதல் டாங்க்கில் 43தான் வந்தது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். என்ஜின் புதிது, உங்கள் கையும் புதிது, கடையில் ஊற்றிக்கொடுத்த பெட்ரோல் எவ்வளவு என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. முதல் சர்வீஸ் முடிந்ததும் விளிம்புக்கு விளிம்பு மூன்று டாங்க் அளந்து எழுதுங்கள், என் 46.4க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் நாளைக் காலையில், டயர் சூடாவதற்குள், காற்று பார்த்துவிடுங்கள். அளவு எழுதிய ஸ்டிக்கர் வண்டியிலேயே எங்காவது ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். அதில் பின்சக்கரத்துக்கு இரண்டு எண் இருக்கும். தங்கை ஏறும் நாட்களுக்கு இரண்டாவது எண், பெரியது.